ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி முடிந்து எட்டு மாதமாகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. பழக்கதோஷம். எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அவசர வழி எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பேன். என் மனைவி ஜெயமணி பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் கிள்ளுவாள்.

என் பெயர் கருப்பசாமி. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூருக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. மூக்கண்டப்பள்ளியில் வீடு, நாலு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் வேலை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக நீங்கள் சொன்னீர்கள். நான்தான் நானே எழுதித் தருகிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். அது எனக்கு வரும்.

விஷயம் ராமப்பனைப் பற்றியது. சூளகிரி தாண்டிக் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் காவலுக்கு இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குவாரித் தண்ணீரில் ஹரீஷ்குமார் என்பவன் செத்துப்போனான். தனியாகக் குளிக்க வந்தான், காவலுக்கு இருந்தவர் தடுக்காமல் இடத்தை விட்டுப் போய்விட்டார், அந்தக் கவனக்குறைவால் ஒரு உயிர் போனது என்று ராமப்பன் மேல் வழக்கு. வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு. ராமப்பனுக்கு அறுபத்தோரு வயது, சர்க்கரை வேறு. உள்ளே போனால் நடந்து திரும்பி வருவாரா என்பது சந்தேகம்தான்.

ஹரீஷ் தனியாக வரவில்லை. நான் கூட இருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டு வருடமாகப் பழி அவரிடமும் பாவம் என்னிடமும் இருக்கிறது. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆறு கிலோ குறைந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீரே கிடையாது. கரிசல் காடு. நான் நீச்சல் கற்றதே முப்பது வயதுக்கு மேல், ஓசூரில் ஒரு கிளப்பில் காசு கட்டித்தான். அப்புறம் கம்பெனி நண்பர்களோடு அந்தமானுக்குப் போனபோது முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறக்கிக் காட்டினார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. பாண்டிச்சேரியில் கோர்ஸ் முடித்தேன், அதற்கு மேல் கோர்ஸ், அதற்கும் மேல் ஆபத்தில் இருப்பவனை மீட்கிற கோர்ஸ். நூற்று நாற்பது முறை இறங்கியிருக்கிறேன். ஆனால் நான் பயிற்சியாளர் இல்லை. சொல்லிக்கொடுக்கும் சான்றிதழ் என்னிடம் இல்லை. இதை நான் எப்போதும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

ஒருமுறை படகில் வரும்போது ஒரு பயிற்சியாளர் என்னிடம் சொன்னார்: "சார், உங்கள மாதிரி அனுபவசாலிங்கதான் மாட்டிக்குவீங்க. ஃப்ரெண்டு கேட்டான்னு புதுசா ஒருத்தனக் கூட்டிட்டுப் போவீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா கோர்ட்ல கேக்குற மொத கேள்வி, இவனுக்குச் சொல்லிக்குடுத்தது யாருங்கறதுதான்."

அவர் சொன்னதன் பொருள் கூட்டிக்கொண்டு போகாதே என்பது. நான் எடுத்துக்கொண்டது சொல்லிக்கொடுக்காதே என்பது. என் தொழில் அப்படி, மேடம். கம்பெனியில் ஒருவன் தொட்டிக்குள் இறங்க வேண்டும், உயரத்தில் ஏற வேண்டும் என்றால் முதலில் பெர்மிட் போடுவோம். நாலு பேர் கையெழுத்து. தொட்டிக்குள் காற்று இருக்கிறதா என்று பார்த்தவன் ஒருவன், பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் இன்னொருவன். பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்துக் கற்றது, விபத்துக்குப் பிறகு எல்லோரும் தேடுவது கையெழுத்தை என்பதுதான். என் கையெழுத்து எங்கேயும் மாட்டியதில்லை. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

ஹரீஷ் எங்கள் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். இருபத்தொன்பது வயது. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர், தக்காளியும் ரோஜாவும் போடுகிற குடும்பம். கிணற்றில் குதித்தே வளர்ந்தவன். அந்தச் சுற்று வட்டாரத்தில் அணையிலோ கிணற்றிலோ யாராவது விழுந்துவிட்டால் தீயணைப்பு வண்டி வருவதற்குள் ஜனங்கள் அவனுக்குத்தான் போன் போடுவார்கள். ஷிஃப்டில் இருந்தாலும் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓடிவிடுவான். அதற்காக அவனுக்கு மூன்று மெமோ இருந்தது.

ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். முந்தின வாரம் அணையில் ஒரு பெண் விழுந்திருந்தாள்.

"ஒரு மொழந்தான்ணா. சீலை முந்தானை கையில சிக்கிருச்சு. மூச்சு பத்தல. மேல வந்துட்டு மறுக்கா போறதுக்குள்ள தண்ணி கலங்கிப்போச்சு. உங்க சிலிண்டர் மாதிரி ஒண்ணு இருந்திருந்தா அந்தம்மா பொழச்சிருக்கும்ணா."

"பாண்டிச்சேரில நாலு நாள் கோர்ஸு. போய்ப் படிச்சுட்டு வா" என்றேன்.

"நீங்க இங்கயே இருக்கறப்ப நான் எதுக்குண்ணா அங்க போவணும்? லீவும் தரமாட்டாங்க."

"நான் வாத்தியார் இல்ல, ஹரீஷ். சொல்லிக்குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது."

"நீங்க சொல்லியே குடுக்க வேணாம்ணா. நீங்க பண்றத பாத்து நான் பண்ணிக்கறேன்."

அந்த வார்த்தையை அவனே சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தண்ணீருக்குள் தனியாக இறங்கக் கூடாது என்பது விதி. ஓசூரில் எனக்கு ஜோடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குவாரியில் இறங்க வேண்டுமென்றால் பெங்களூரிலிருந்து யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. என் பாதுகாப்புக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவன் வந்தான்.

எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தேன். 'வா' என்று அவனை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, மெசேஜும் போட்டதில்லை. 'ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் குவாரியில் இருப்பேன்' என்று மட்டும் கேன்டீனில் சொல்வேன். என் காரில் ஏற்றிப் போனதில்லை, அவன் பைக்கில் தனியாக வருவான். இரண்டாவது செட் சாமானை அவனிடம் நான் நீட்டியதில்லை. பாறை மேல் வைப்பேன், அவனாக எடுத்துக்கொள்வான். முதல் நாள் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்: 'நான் நன்கு நீச்சல் தெரிந்தவன். என் சொந்த விருப்பத்தில், என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன். எனக்கு யாரும் பயிற்சி அளிக்கவில்லை.'

பைக் சீட்டின் மேல் வைத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "பெர்மிட் மாதிரியாண்ணா?" என்று சிரித்தான்.

"ஆமா, அது மாதிரிதான்" என்றேன்.

ராமப்பனையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். மூன்று வருடமாக என்னை உள்ளே விட்டுவந்தவர். அவர் மகள் ருக்மணிக்கு எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன், அந்த விசுவாசம். நாங்கள் இறங்குவதற்கு முன் அவரைச் சூளகிரிக்கு இட்லி வாங்க அனுப்பிவிடுவேன். பசிக்காக மட்டும் அல்ல. அவர் இல்லாத நேரத்தில் இறங்கினால் அவர் அனுமதித்ததாக ஆகாது, அவருக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். இடத்தை விட்டுப் போனார் என்பதுதான் இப்போது அவர் மேல் இருக்கிற முதல் குற்றச்சாட்டு.

இனி கொஞ்சம் விளக்க வேண்டும். சிலிண்டர் மாட்டி இறங்குகிறவனுக்கு முதல் நாள், முதல் மணி நேரத்தில், மற்ற எதற்கும் முன்னால் சொல்லித்தருவது ஒன்று உண்டு. மூச்சை அடக்காதே. கிணற்றில் குதிப்பவன் மேலே இருக்கும்போது இழுத்த மூச்சோடு உள்ளே போகிறான், அதே மூச்சோடு வெளியே வருகிறான், ஒன்றும் ஆகாது. சிலிண்டர்காரன் பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று வழியிலேயே இரண்டு மடங்காகும். நுரையீரல் கிழியும். காற்று ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். வாயைத் திறந்து விட்டுக்கொண்டே வந்தால் ஒரு குறையும் இல்லை. இரண்டே சொல்தான், மேடம். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் வழக்கு லேசாகும். மறக்கவில்லை. முதல் ஞாயிறு, இடுப்பளவு தண்ணீரில் அவன் பழகும்போதே கவனித்தேன். சிலிண்டர் காற்று வரும் ரெகுலேட்டரை வாயில் வைத்திருந்தும் பழக்கத்தில் தம் கட்டினான். இழுப்பான், அடக்குவான், வெகுநேரம் கழித்து விடுவான். அவனுக்கு அது பெருமை. ஊரில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நான் சொல்லிக்கொடுத்தவன் ஆகிவிடுவேன். ஒன்றைச் சொல்லிவிட்டால், சொல்லாமல் விட்ட மற்ற தொண்ணூற்றொன்பதும் என் தலையில் விடியும். ஒன்றுமே சொல்லாதவன் மேல் எந்தக் கேள்வியும் வராது. இதை நான் பாறை மேல் உட்கார்ந்து துண்டால் தலை துவட்டிக்கொண்டே நிதானமாக யோசித்தேன். என் செயலைப் பார்த்தால் அவனே தெரிந்துகொள்வான் என்றும் நினைத்தேன். மேலே வரும்போது நான் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டுதான் வருவேன்.

தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு கொடுப்பவன் நான். ஹெல்மெட் போடுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள் என்று கேட்டவர்களுக்குச் சலித்துப்போகும் வரை சொல்கிறவன். அவனும் தினமும் அந்தக் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் நின்றான்.

மூன்றாவது ஞாயிறு அவன் அரை மணி தாமதமாக வந்தான். சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கி ரோட்டைக் கடந்ததாம், வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நான் கிளம்பியிருப்பேன். ராமப்பன் இட்லிக்குப் போயிருந்தார். நாங்கள் இறங்கினோம்.

குவாரி படிக்கட்டு மாதிரி வெட்டப்பட்டது. இரண்டாவது படி பன்னிரண்டு மீட்டர். அங்கே தண்ணீர் பச்சையாக, கைநீட்டினால் கை மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். குளிர் எலும்பைப் பிடிக்கும். அவன் என் இடது பக்கம் இருந்தான். பாறையில் இடித்து அவனுடைய முகக் கண்ணாடி நகர்ந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறிவிட்டது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மூக்கால் ஊதினால் தண்ணீர் வெளியேறிவிடும். அதையும் நான் சொல்லவில்லை.

பயந்துவிட்டான். பயந்தால் மனிதன் தெரிந்ததைத்தான் செய்வான். நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுத்தான், ரெகுலேட்டரைத் துப்பினான், உதட்டை இறுக்க மூடினான், இரண்டு காலையும் பாறையில் உதைத்து மேலே போனான். கிணற்றில் இருபது வருடமாக எப்படி மேலே வந்தானோ அப்படி. கன்னம் உப்பியிருந்தது. அவன் கால் என் முகத்துக்கு நேராகத்தான் கடந்து போனது. பிடித்து நிறுத்தி, வயிற்றில் ஒரு அழுத்து அழுத்தினால் காற்று வெளியேறியிருக்கும். மீட்புக் கோர்ஸில் எனக்கு அதைத்தான் மூன்று நாள் பழக்கினார்கள். பிடிக்கவில்லை. அந்த நொடியில் கோர்ட்டையும் கேசையும் யோசித்தேன் என்று எழுதினால் பொய். மூன்று வாரமாக அவனைத் தொடாமல் இருந்து இருந்து, கை நீளவில்லை.

பிறகு நான் மேலே வந்தேன். மெதுவாக. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றேன். ஆழத்திலிருந்து வருகிறவன் அங்கே நின்று வருவது நல்ல பழக்கம். அந்த ஆழத்துக்கு, அவ்வளவு குறைந்த நேரத்துக்கு அது கட்டாயம் இல்லை. இருந்தாலும் வாட்சைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிடமும் நின்றேன். தலைக்கு மேலே வெளிச்சத்தில் அவன் உருவம் தெரிந்தது. எப்போதோ சிலிண்டர் மாட்டிய மிதவை ஜாக்கெட்டில் காற்று ஏற்றியிருக்கிறான், மிதந்துகொண்டிருந்தான். முதல் நிமிடம் கால் அசைந்தது.

அந்த மூன்று நிமிடத்தை நினைக்காத நாள் இல்லை. ஜெயமணி பாத்ரூம் கதவைத் தட்டும்போதுதான் தெரியும், நான் உள்ளே குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருப்பது.

மேலே வந்து அவனைப் பாறைக்கு இழுத்தேன். உதட்டில் சிவப்பாக நுரை. வலது பக்கம் கை கால் விளங்கவில்லை. என் கார் கீழே சரிவிலேயே நின்றது. போனில் டவர் இரண்டு கோடு இருந்தது. கூப்பிட்டால் சூளகிரியிலிருந்து ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம். காரின் பின்னால் என் முதலுதவிப் பெட்டி இருந்தது.

நான் முதலில் அவன் ஜாக்கெட்டைச் சிலிண்டரோடு கழற்றினேன். பிறகு இடுப்பில் கட்டிய எடை, காலில் போட்ட துடுப்பு, முகக் கண்ணாடி. எல்லாவற்றையும் காரில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தேன். இழுத்த தடம் தெரியாமல் பாறையில் தண்ணீர் ஊற்றினேன். பன்னிரண்டு, பதிமூன்று நிமிடம் ஆகியிருக்கும். அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் குளிக்க வந்தவன் மாதிரி இருந்தான். அவனைத் தண்ணீரில் விட்டேன். மூச்சு இருந்ததா என்று கேட்பீர்கள். நான் சோதிக்கவில்லை. கம்பெனியில் மாதம் ஒருமுறை முதலுதவி வகுப்பு எடுக்கிறவன் நான். மூக்கருகே கன்னத்தை வைத்துப் பத்து நொடி பார்க்க வேண்டும் என்று பொம்மையை வைத்துச் செய்து காட்டுகிறவன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

ராமப்பன் இட்லிப் பொட்டலத்தோடு சரிவில் இறங்கி வந்தார். தண்ணீரில் கிடந்தவனைப் பார்த்து, "அய்யோ தேவுடா" என்று அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ராமப்பா, இவன் தனியா வந்தான், தனியாக் குளிச்சான். நான் இன்னிக்கு வரவேயில்ல. அப்படிச் சொன்னா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பெருசா ஒண்ணும் வராது, எழுதிட்டு முடிச்சுருவாங்க."

அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் மிரட்டவில்லை, மேடம். ருக்மணிக்கு வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டேன்.

வாக்குக் கொடுத்ததைப் போல அவர் அதைக் காப்பாற்றினார். ஸ்டேஷனில், கோர்ட்டில், ஒரு இடத்தில் கூட என் பெயர் வரவில்லை. மாதா மாதம் பேருந்தில் ஏறி வாய்தாவுக்குப் போய்விட்டு வந்தார். குவாரிக்காரர்கள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் தண்ணீரில் மூழ்கி இறந்தான் என்று வந்தது. குவாரியில் கிடந்தவனுக்கு வேறு என்ன வரும்?

கம்பெனி சார்பில் மாலை போட நான்தான் போனேன். அது சேஃப்டி ஆபீசர் வேலையில் சேர்ந்தது. ரோஜாத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. அவன் அம்மா சரோஜம்மாள் அழாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"ரெண்டு நிமிசம் மூச்சு அடக்குவான் சார் எம் பையன். நான் வரப்புல நின்னு எண்ணியிருக்கேன். எம்பது அடிக் கெணறு, அடியில போயி மண்ணு எடுத்துட்டு வருவான். அவன் எப்பிடி சார் முழுவிப் போவான்?"

"விதிம்மா" என்றேன்.

"இல்ல சார். எனுக்கு யாராச்சும் வெளங்கற மாதிரி சொல்லுங்க. அவனுக்குத் தண்ணியில என்னா தெரியாம போச்சு?"

எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊரில், அந்தக் கூட்டத்தில், எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்தம்மாவின் கை சொரசொரப்பாக இருந்தது. நான் விடுவித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, மேடம். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் கம்பெனி வாசலில் இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தோம். பிறகு 'அனுமதியில்லாத நீர்நிலைகளில் தனியாகக் குளிக்காதீர்கள்' என்று நானே சுற்றறிக்கை எழுதி ஒட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு பக்கச் சுற்றறிக்கையில் மறைக்க முடிந்தது.

அவன் கையெழுத்துப் போட்ட காகிதம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். என்னைக் காப்பாற்ற வாங்கியது. யோசித்துப் பார்த்தால் நான் அங்கே இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்த ஞாயிறு மாலையே அடுப்பில் வைத்துவிட்டேன்.

நேற்று மாலை ராமப்பனின் மனைவி வெங்கடம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ருக்மணியின் கம்பெனி அடையாள அட்டையை எங்கள் டைனிங் டேபிளில் வைத்தாள்.

"எம் பொண்ணு நேத்தோட வேலைய வுட்டுட்டா சார். இனிமே எங்ககிட்ட புடுங்கறதுக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

ஜெயமணி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

"வாக்கு குடுத்தது எங்க ஆளு. நான் குடுக்கல" என்றாள் வெங்கடம்மா. அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு அவுரு இட்லி வாங்கிட்டு சீக்கிரமே திரும்பிட்டாரு சார். மேல மேட்டுல நின்னுட்டு இருந்தாரு. நீங்க அந்தப் பையன தண்ணியில எறக்கறப்ப அவன் கை உங்க சட்டைய புடிச்சுதாம். நீங்க ஒவ்வொரு வெரலாப் பிரிச்சீங்களாம். ரெண்டு வருசமா எங்க ஆளு தூக்கத்துல அதத்தான் பொலம்பறாரு. நானும் பேய்க்கனவுன்னு நெனச்சேன். முந்தாநாளுதான் வாயத் தொறந்து சொன்னாரு. நாளைக்கு மத்தியானம் நாங்க மூணு பேரும் ஸ்டேஷனுக்குப் போறோம்."

போய்விட்டாள். இரவு ஜெயமணி தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தாள்.

மேலே ஒரு பக்கத்தில் 'நான் சோதிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டாம், இங்கே சேர்த்துவிடுகிறேன். சோதிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உதட்டில் இருந்த நுரை பெரிதாகிச் சின்னதாகிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. ஜாக்கெட் பெல்ட்டை நான் அவிழ்க்கும்போது அவனே முதுகைக் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தான். நான் அவனுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்திருக்கிறான். "ண்ணா" என்றான். இடது கையால் என் சட்டையைப் பிடித்தது உண்மை. பிழைத்தால் இவன் என்ன சொல்வான், பிழைத்துக் கை கால் விளங்காமல் கிடந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்களே என்று அந்தப் பன்னிரண்டு நிமிடமும் யோசித்தேன். யோசித்து முடித்த பிறகுதான் விரல்களைப் பிரித்தேன். நாலு விரல்தான் பிரிக்க வேண்டியிருந்தது. கட்டை விரல் தானாக விட்டுவிட்டது. ஹரீஷ்குமாரைத் தண்ணீர் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

ராமப்பனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. திங்கட்கிழமைக்குள் இந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சரோஜம்மாள் கேட்ட கேள்விக்கான பதிலும் இதில் இருக்கிறது. யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு வந்த ஒருவனுக்குச் சட்டத்தில் என்ன இடம் உண்டோ அதை மட்டும்தான் கேட்கிறேன்.

இப்போது மணி பத்து இருபது. வெங்கடம்மா மத்தியானம்தான் வருவாள். அவள் வருவதற்குள், நான் வந்த நேரத்தை முதல் பக்கத்தின் மேலே குறித்து, யாரும் சொல்லாமல் நானாக வந்து சொன்னேன் என்று ஒரு வரி சேர்த்து, அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், மேடம்.